சிம்கோ ஏரியில் கோடைகாலத்து ஸ்மோல்மவுத் எங்கே போகிறது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கோ. ஜூன் கடைசிக் கிழமையில் ஜாக்சன்ஸ் பொயின்றில் வள்ளம் வாடகைக்கு எடுத்துப் போய், ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் சிம்கோ ஏரியின் கரையோரக் கல்லிலேயே ஸ்மோல்மவுத் பாஸ் என்ற நன்னீர் வேட்டைமீன் ஏழெட்டுப் பிடித்திருக்கிறீர்கள். அதே இடத்துக்கு ஜூலை நடுவிலும் ஆகஸ்ட் லோங் வீக்கெண்டிலும் போனால் மஞ்சள் பேர்ச், ரொக் பாஸ் தவிர ஒன்றுமில்லை. கடையில் சொன்னதை நம்பி எண்பது டொலருக்குப் புது லூர்கள் (செயற்கை இரைகள்) வாங்கிப் போட்டும் பார்த்துவிட்டீர்கள். "கோடையில் எந்த லூர் போடவேண்டும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஜூனில் கடித்த மீனுக்கு ஜூலையில் அதே லூர் கசந்துவிடாது. மீன் அங்கே இல்லை. எங்கே போனது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். லூரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் மீனியல் படித்தவன் இல்லை. ஸ்காபரோவில் வேறு தொழில் பார்க்கிறேன். 2003 இலிருந்து கோடைச் சனிக்கிழமைகள் பெரும்பாலும் இந்த ஏரியில்தான் போகின்றன. ஆகவே கீழே எழுதுவதில் சில உறுதியாகத் தெரிந்தவை, சில என் அனுபவத்தில் தோன்றியவை. எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

சிம்கோ சின்னக் குளமில்லை. பரப்பு 722 சதுர கிலோமீற்றர். ஒன்ராறியோவுக்குள்ளேயே முழுதாக அடங்கிய ஏரிகளில் நிப்பிகொன், லாக் சூல், நிப்பிசிங் மூன்றுக்கும் அடுத்தது இதுதான். மேற்கே பரி நகரம் இருக்கும் கெம்பன்ஃபெல்ட் குடாவில் ஆழம் 41 மீற்றர் வரை போகும். தெற்கே குக்ஸ் குடா ஆழம் குறைந்து செடி மண்டிக்கிடக்கும். அது ஸ்மோல்மவுத்தின் உறவுமீனான லார்ஜ்மவுத் பாஸின் வீடு, உங்கள் மீனுக்கு அங்கே வேலையில்லை. இவ்வளவு தண்ணீரில் ஸ்மோல்மவுத் நிற்கும் இடம் மிகக் கொஞ்சம். மிச்சமெல்லாம் வெறும் தண்ணீர். சின்னக் குளத்தில் பழகிய கை, போட்ட இடத்திலேயே லூரை மாற்றி மாற்றிப் போடும். பெரிய ஏரியில் அது பலிக்காது. நானும் முதல் இரண்டு கோடையை அப்படித்தான் வீணாக்கினேன்.

ஜூனில் அவை கரையில் நின்றதற்குக் காரணம் முட்டை. தண்ணீர் 15, 16 பாகை செல்சியஸைத் தொட்டதும் ஆண் மீன் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து, வாலால் சரளையைக் கூட்டித் துப்புரவாக்கி ஒரு வட்டக் கூடு செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணுடையது. அந்த நேரத்தில் கூட்டுக்குக் கிட்ட எது வந்தாலும், பசியோ இல்லையோ, வாயால் பிடித்துத் தள்ளும். உங்களுக்கு ஜூனில் கடித்தவற்றில் சில அப்படிக் காவலில் நின்றவையாக இருந்திருக்கலாம். குஞ்சுகள் பிரிந்து போனதும் அந்த வேலை முடிந்தது. மீன் சாப்பாட்டைத் தேடிக் கிளம்பிவிடும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சிம்கோவில் அந்தச் சாப்பாடு பெரும்பாலும் ரவுண்ட் கோபி. கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்து மீன். கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றிவரும் தண்ணீரோடு வட அமெரிக்காவுக்கு வந்தது. 1990 இல் சென்ற் கிளெயர் ஆற்றில் கண்டார்கள். 2004 இல் சிம்கோவில் விழும் பெஃபர்லோ ஆற்றில் அகப்பட்டது. அடுத்த ஆண்டே ஆற்றில் நஞ்சிட்டு அழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை, ஏரிக்குள் இறங்கிவிட்டது. அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், ஸீப்ரா மஸ்ஸல் என்ற நகமளவு சிப்பி ஏரியைப் பிடித்திருந்தது. சிப்பி தண்ணீரை வடிகட்டித் தெளியவைத்தது, கோபி சிப்பியைத் தின்றது, ஸ்மோல்மவுத் கோபியைத் தின்று கொழுத்தது. நான் தொடங்கிய காலத்தில் மூன்று இறாத்தல் மீன் வந்தால் வள்ளமே ஆடும். இப்போது ஐந்து இறாத்தல் மீனைப் படமெடுத்து விட்டுவிடுகிறோம். இதில் ஒரு குரூரமும் உண்டு: காவல் நிற்கும் ஆணை நீங்கள் தூக்கியெடுத்த சில நிமிடங்களில் கோபிகள் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்னத் தொடங்கும். கூட்டின்மேல் நிற்கும் மீன் கண்ணுக்குத் தெரிந்தால் அதை விட்டுவிட்டு அப்பால் போங்கள்.

கோபியின் உடம்பில் ஒரு குறை இருக்கிறது. நம் வேலைக்கு அதுதான் முக்கியம். மற்ற மீன்களைப்போல நீரில் மிதந்து நிற்க உதவும் காற்றுப்பை அதற்கு இல்லை. கல்லோடு ஒட்டி உட்காரும், துள்ளி அரை அடி நகரும், மறுபடி உட்காரும். அதைத் தின்னும் மீனும் தலையைக் கீழே சாய்த்து நிலத்தைப் பார்த்தபடி அலையும். ஆகவே பகல் நேரத்தில் உங்கள் தூண்டில் தரையைத் தொடாமல் நடுநீரில் நீந்திக்கொண்டிருந்தால், கீழே பத்து மீன் நின்றாலும் வெறுங்கையோடு வர நேரும்.

ஜூலை, ஆகஸ்டில் நான் தேடும் ஆழம் 15 அடியிலிருந்து 35 அடி. கோடையில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே சூடான நீர், கீழே சில்லென்ற நீர். கீழடுக்கு லேக் ட்ரவுட்டுக்கும் வைற் ஃபிஷ்ஷுக்கும் உரியது. ஸ்மோல்மவுத் மேலடுக்கில்தான் நிற்கும், எனவே எண்பது அடியில் போய்த் தேடவேண்டாம். வெறும் ஆழமும் போதாது, அங்கே ஏதாவது மாறவேண்டும். மணல் முடிந்து கல் தொடங்கும் ஓரம், கல் முடிந்து செடி தொடங்கும் ஓரம், வெறும் மணல்வெளியில் தனியே கிடக்கும் பாறை, தண்ணீருக்குள் மேடுகட்டி மறுபடி சரியும் கற்திட்டு. உங்கள் பக்கத்தில் ஜோர்ஜினா தீவைச் சுற்றியும், மேற்கே ஸ்நேக், ஃபொக்ஸ் தீவுகளைச் சுற்றியும் இப்படியான திட்டுகள் நிறைய. தீவுகளில் இறங்கவேண்டாம், அவை ஜோர்ஜினா தீவுச் சிப்பேவா மக்களின் நிலம்.

இந்த 'ஓரம்' என்பது எவ்வளவு சின்னது என்று எனக்குப் புரிந்தது ஓர் ஆகஸ்ட் காலையில். 26 அடியில் காற்றோடு மிதந்துகொண்டிருந்தோம். என் ஈயம் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கினால் கைப்பிடியளவு சிப்பிக் கொத்து ஒன்று தொங்கிக்கொண்டு மேலே வந்தது. அதைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே வள்ளத்தின் மற்றப் பக்கத்தில் மச்சானின் தடி வளைந்தது. ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்துவிட்டு, சுற்றிவந்து மறுபடி அதே கோட்டில் மிதந்தோம். இன்னொன்று. அடுத்த சுற்றில் இரண்டு. பிறகு காற்று கொஞ்சம் திரும்பி இருபது மீற்றர் தள்ளிப் போனோம், ஒன்றுமில்லை. திரும்ப அதே கோட்டுக்கு வந்தால் கடி. கீழே கிடந்தது ஒரு கார் அளவுக் கற்குவியல், அவ்வளவுதான். அன்று பதினொரு மீன் அதிலிருந்து வந்தது. அந்தப் புள்ளி இன்றும் என் கருவியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அது எனக்குப் படியளக்கும். எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தேடும் முறை இதுதான்: ஆழக்கணக்குள்ள வரைபடத்தில் நாலைந்து திட்டுகளை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நீர்மேல் கூசலை மறைக்கும் போலரைஸ்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள். தெளிந்த நாளில் 20 அடிக் கல்லே கருநிழலாகத் தெரியும். காற்று வரும் பக்கமாகப் போய் இயந்திரத்தை நிறுத்தி, வள்ளத்தைத் திட்டின் குறுக்கே மிதக்க விடுங்கள். ஒரு திட்டில் இருபது நிமிடம் ஒன்றுமில்லையென்றால் அடுத்ததற்கு. கடி வந்த இடத்தில் மட்டும் நின்று, நாலு பக்கமும் எறிந்து பாருங்கள். ஸ்மோல்மவுத் கோடையில் பெரும்பாலும் சிறு கூட்டமாகத் திரியும். ஒன்று மாட்டித் துள்ளும்போது அதன் பின்னாலேயே இரண்டு மூன்று வருவதைத் தெளிந்த நீரில் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நேரம் கூட இருப்பவர் படமெடுக்காமல் தன் தூண்டிலைப் பக்கத்தில் இறக்கவேண்டும்.

இப்போது லூர். பெட்டியில் இரண்டு போதும் என்பேன். முதலாவது ரியூப்: மூன்றரை அங்குல ரப்பர்க் குழாய், உள்ளே கால் அவுன்ஸோ எட்டில் மூன்று அவுன்ஸோ எடையுள்ள ஈயத்தலைக் கொக்கி. அதைத் தரையில் விட்டு, வள்ளம் மிதக்கும் வேகத்துக்கே இழுபட விடுங்கள். கல்லில் டிக் டிக்கென்று தட்டுவது தடியின் நுனி வழியாகக் கைக்கு வரும். மணலில் அது நின்றுபோய் வழவழவென்றாகும். தட்டல் தொடங்கும் இடமே நாம் தேடும் ஓரம். கடி பெரும்பாலும் வெட்டி இழுக்காது. ஈரத்துணி ஒன்று மாட்டியதுபோல ஒரு பாரம் வரும். இரண்டாவது ட்ரொப் ஷொட். ஈயம் நூலின் அடியில், கொக்கி அதற்கு ஒரு அடி மேலே, அதில் மூன்று அங்குல ரப்பர் மீன். ஈயம் தரையில் இருக்கட்டும், தடியை அதிகம் ஆட்டாதீர்கள். வள்ளம் அசையும் அசைவே போதும். பாரம் தெரிந்ததும் ஓங்கி வெட்டவேண்டாம், ரீலைச் சுற்றிக்கொண்டே தடியைச் சாய்த்தால் கொக்கி தானாக ஏறும்.

தடி ஏழடி, மெல்லிய நுனி. 2500 அளவு ரீல். பத்து இறாத்தல் தாங்கும் பிரெயிட் என்ற பின்னல் நூல், அதன் முனையில் எட்டு இறாத்தல் புளூரோகார்பன், ஊரில் தங்கூசி என்போமே அந்தச் சாயல், ஒரு எட்டு அடி. தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதால் தடித்த நூல் வேண்டாம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு மாட்டலுக்குப் பிறகும் கடைசி இரண்டு அடியை நகத்தால் வருடிப் பாருங்கள். சிப்பி ஓடு கத்தி மாதிரி. சொரசொரவென்றிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். என் வாழ்நாளில் நான் கண்ட மிகப் பெரிய ஸ்மோல்மவுத் வள்ளத்துக்கு ஐந்தடி தூரத்தில் நூலறுத்துப் போனது, இந்த அரை நிமிடச் சோம்பலால்தான்.

எல்லாம் தரையில்தான் என்றும் இல்லை. விடியற்காலையில் திட்டின் ஆழம் குறைந்த முதுகில், மேலே மிதக்கும் லூரை இடமும் வலமும் தலையாட்டி வரவைத்தால் சில நாள் வெடிப்பதுபோல் அடிக்கும். ஆகஸ்டில் எமரல்ட் ஷைனர் என்ற சிறு வெள்ளிமீன் கூட்டம் கூட்டமாகத் திரியும்போது, நடு ஏரியில் தண்ணீர் கொதிப்பதுபோலத் தெரிந்தால் அங்கே எறியுங்கள். அது அமைந்தால் அமைந்தது, நம்பிப் போகமுடியாது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும். ஊரில் வற்றும் பெருக்கும் பார்த்துத் தூண்டில் போடுவோம். ஏரியில் அது இல்லை. அந்த வேலையைக் காற்றுச் செய்கிறது. கண்ணாடிபோல அசைவற்ற தண்ணீரும் உச்சி வெயிலும் சேர்ந்த நாள்தான் எனக்கு மிக மோசமான நாள். மெல்லிய அலை எழும்பினால் மேற்பரப்பு உடைந்து, மீனுக்கு நூலும் வள்ளமும் தெளிவாகத் தெரியாமல் போகும்; திட்டின் காற்றடிக்கும் பக்கத்தில் இரை கலைந்து திரியும். இருபது ஆண்டில் எனக்கு மாறாமல் பலித்த ஒரே விதி, காற்றுப்படும் பக்கத்தில் போடு என்பது. ஆனால் அதே காற்று ஆளையும் எடுக்கும். ஜாக்சன்ஸ் பொயின்ற் வடக்குப் பார்த்த கரை. வடக்கு, வடமேற்குக் காற்று ஏரி முழுவதையும் கடந்து உங்கள்மேல் வரும். சிம்கோ அலை நீண்டு உருளாது. குட்டையாய், செங்குத்தாய், ஒன்றன் பின் ஒன்றாய் அடிக்கும். பதினான்கு அடி வாடகை வள்ளமும் 9.9 குதிரைவலு இயந்திரமும் அதற்குக் காணாது. தலைக்கொரு லைஃப் ஜக்கற் வள்ளத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதைக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம்மவர் பழக்கம். உடம்பில் போடுங்கள். வெள்ளைநுரை கண்ணில் பட்டதும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் திரும்புங்கள்.

இனி நான் சத்தியம் செய்யமாட்டாதவை. நிறம்: பச்சை, பழுப்பு கலந்த ரியூப் கோபிபோலத் தெரிவதால் அதையே போடுகிறேன், ஆனால் கறுப்பு போட்ட நாளிலும் மீன் வந்திருக்கிறது, என் நம்பிக்கைதான் ஒருவேளை பச்சையில் அதிகநேரம் நிற்க வைக்கிறது. காற்றழுத்தமானி இறங்கினால் கடிக்கும் என்பார்கள். அழுத்தம் இறங்கும்போது காற்றும் மேகமும் கூட வருவதால் எது எதைச் செய்தது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிறைக் கணக்கு ஆறு ஆண்டு குறிப்புப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தேன், அதிலிருந்து ஒன்றும் தேறவில்லை. வெயில் நல்லதா மேகம் நல்லதா என்று என்னோடு வரும் இருவர் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். மேலுதட்டில் பழைய கிழிசல் உள்ள ஒரு மீனை அடுத்தடுத்த இரண்டு கோடையில் ஒரே திட்டில் பிடித்தேன். அதே மீன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, படத்தை ஒப்பிட்டுப் பார்த்தும் மச்சான் ஒத்துக்கொள்கிறார் இல்லை.

பிடித்த மீனை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லவேண்டும். முப்பது அடிக்கு மேலான ஆழத்திலிருந்து விரைவாக மேலே வரும் மீனின் காற்றுப்பை ஊதிவிடும். வயிறு மேலாக மிதக்கும். படத்துக்காக வாளியில் போட்டு வைத்திராமல் உடனே தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் தானே கீழே இறங்கிவிடும். வெயில் கொளுத்தும் நாளில் நான் 30 அடியைத் தாண்டிப் போடுவதேயில்லை. சாப்பாட்டுக்கு என்றால் உங்களுக்குக் கடித்த அந்த மஞ்சள் பேர்ச்சை ஏன் குறைவாக நினைக்கிறீர்கள்? பொரிக்க அதைவிட நல்ல மீன் அந்த ஏரியில் இல்லை. பெரிய ஸ்மோல்மவுத் வளர ஆண்டுக்கணக்கில் எடுக்கும், குழம்புக்கு அதன் சதை எனக்குப் பிடிப்பதுமில்லை. எடுத்துத்தான் போவேன் என்றால் முழு உரிமத்துக்கு ஆறு, குறைவாக எடுக்கவே அனுமதிக்கும் கன்சர்வேஷன் உரிமத்துக்கு இரண்டு என்ற கணக்கு மனதில் இருக்கட்டும். மாகாணம் மீன் உண்பதற்கென வெளியிடும் வழிகாட்டியில் எந்த அளவு மீனை மாதத்தில் எத்தனைமுறை தின்னலாம் என்று ஏரிவாரியாக இருக்கிறது. பாஸ் பருவம் திறக்கும் நாளையும் மாகாண விதிநூலில் ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்கும் முன், பிடித்து விட்டுவிடுகிறேன் என்றுகூடக் குறிவைத்துப் பிடிக்கக்கூடாது. கோபியைத் தூண்டிலில் இரையாகக் குத்தலாமா என்று ஒருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருந்தார்: சட்டப்படி கூடாது, உயிரோடும் கூடாது, செத்ததும் கூடாது.

கரையில் நின்று பிடிக்கிறவர்களுக்கு நான் எழுதியதில் பாதி உதவாது. நான் வள்ளத்திலேயே பழகியவன். கோடை நடுவில் கரையிலிருந்து நல்ல ஸ்மோல்மவுத் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த வித்தை அவர்களிடம்தான் கேட்கவேண்டும். இன்னொன்று, படங்களில் வரும் அசுர மீன்களைக் கோடையில் எதிர்பார்க்கவேண்டாம். ஒன்ராறியோவில் பத்து இறாத்தலைத் தாண்டிச் சாதனை செய்த மீன் ஈரி ஏரியில் 2022 நவம்பரில் வந்தது. மீன் உடம்பு வைப்பது இலையுதிர் காலத்தில்.

அடுத்த முறை மெல்லிய காற்றுள்ள ஒரு வார நாளில், ஐந்தரைக்கே வள்ளத்தை எடுங்கள். கரைக்கல்லைத் திரும்பிப் பார்க்காமல் கிட்டிய திட்டுக்குப் போய், 18 அடியில் தொடங்கி 30 வரை குறுக்கே மிதந்து பாருங்கள். ஒருவர் ரியூப், மற்றவர் ட்ரொப் ஷொட். முதல் மீன் வந்ததும் இடத்தைக் குறியுங்கள், அதற்குப் பிறகு மற்ற வேலை. கைவலையை மட்டும் எட்டும் இடத்தில் வையுங்கள். எங்கள் வள்ளத்தில் அது எப்போதும் யாரோ ஒருவரின் சோற்றுப் பெட்டிக்கு அடியில்தான் கிடக்கும்.